இடது பக்கக் கதவு

எனக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி. பன்னெண்டு வருஷமா பிளேன்ல சாப்பாடு குடுத்து, தட்டு எடுத்து, அடுத்தவங்க வாந்தியைக் கவர்ல வாங்கிக் கட்டிப் பொழைக்கிறவளுக்கு அது ஒரு சாபம். ஷூவைக் கழட்டி முன் சீட்டுக்கு அடியில காலை நீட்டறவன் எந்த வரிசைன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். குழந்தையோட ஈர டயபரைச் சுருட்டிச் சாப்பாட்டுத் தட்டு மேலயே வச்சுக் குடுக்கற மகராசிங்க இருக்காங்க. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவேன். உள்ளுக்குள்ள காறித் துப்புவேன்.

அன்னிக்கு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னெண்டு மணி பிளேன். வெளிய நல்ல வெயில். படி ஏறிப் பின்கதவு வழியா உள்ள கால் வச்சதுமே அந்த நாத்தம் மூஞ்சில அடிச்சுது.

புளிச்ச நாத்தம். வாந்தியும், டாய்லெட்டுல ஊத்தற அந்த நீல மருந்தும், ஈரத்துல நாள்கணக்கா ஊறின துணியும் சேர்ந்த நாத்தம்.

"இன்னுமா இது போகல?"ன்னு கேட்டேன்.

என்கூடப் பின்பக்கம் டியூட்டி பாக்கறவன் சென்ட்டு. அப்பா அம்மா வச்ச பேரு வேற. ஆனா தினம் அரை பாட்டில் சென்ட்டை மேல கொட்டிக்கிட்டு வர்றவனை வேற எப்படிக் கூப்பிடறது? அவன் மூக்கை உறிஞ்சிப் பாத்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேக்கா. தரையைப் பேத்து எடுத்துப் புதுசு போட்டுட்டாங்களாம்."

"உனக்கு எங்கடா தெரியும்? உன் மூக்கு உன் சென்ட்டுலயே செத்துப் போச்சு."

அவன் சிரிச்சான். நான் சிரிக்கல. இந்தப் பிளேன்ல மட்டும் ஏறக்கூடாதுன்னு மூணு மாசமா ஒவ்வொருத்தர் கால்லயா விழுந்து டியூட்டி மாத்திக்கிட்டிருந்தேன். அன்னிக்கு மாத்திக்க ஒரு ஆள் சிக்கல.

பின்னாடி ரெண்டு டாய்லெட். வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. இடது பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வேலையை ஆரம்பிச்சேன். ஏன்னு சொல்லிடறேன். இனிமே மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

டாய்லெட்டுக்குள்ள ஒரு பட்டன் இருக்கும், உடம்புக்கு முடியலன்னா எங்களைக் கூப்பிட. அழுத்தினா கதவுக்கு மேல மஞ்ச விளக்கு எரியும், எங்க கிச்சன் மூலையில 'டிங்'குனு மணி அடிக்கும். பத்துல ஒம்போது பேர் அதைத் தண்ணி விடற பட்டன்னு நினைச்சு அழுத்துவாங்க. பதறி ஓடிப்போய்த் தட்டினா, பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் கதவைத் திறந்து முறைப்பான். அதனால நாங்க என்ன பண்ணுவோம்? போகவே மாட்டோம். கிச்சன் சுவத்துல இருக்கற பலகையில விரலை வச்சு விளக்கை அணைச்சிடுவோம். யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, தானா வந்து ஒட்டிக்கிட்ட பழக்கம்.

மூணு மாசம் முன்னாடி, இதே பிளேன். இறங்க இருபது நிமிஷம் இருக்கு. இடது பக்கம் 'டிங்'. அணைச்சேன். திரும்ப 'டிங்'. அணைச்சேன். மூணாவது தடவை அடிச்சப்ப ரெண்டு கையிலயும் காப்பிக் குடுவை. முழங்கையால அணைச்சேன்.

இறங்கறதுக்கு முன்னாடி டாய்லெட் கதவைத் திறந்து, உள்ள பாத்து, 'காலி'ன்னு வாய்விட்டுச் சொல்லி, அப்புறம் வெளியிலருந்து பூட்டணும். கதவுமேல ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைத் தூக்கி உள்ள இருக்கறதை விரலால தள்ளினா தாழ்ப்பாள் விழும். அன்னிக்கு இடது பக்கம் பூனையோட பொறுப்பு. பூனைங்கறது என்கூட வேலை பாத்த பொண்ணு. நடந்தா சத்தமே வராது, அதான் அந்தப் பேரு. அவ ஒரு கர்ப்பிணிப் பொண்ணு வாந்தி எடுக்க, தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "அக்கா, இடது பக்கம் கொஞ்சம் பாத்துடுங்களேன்"னா. "சரி, நான் பாத்துக்கறேன்"னேன்.

கதவுல பச்சை. உள்ள யாரும் தாழ்ப்பாள் போடலன்னு அர்த்தம். ஆனா இடுக்கு வழியா வாந்தி நாத்தம் வந்து குடலைப் புரட்டுச்சு. திறந்தா நான்தான் துடைக்கணும். "ச்சீ, இதை எவ தொடுவா. கிளீனிங் ஆளுங்க பாத்துக்கட்டும்"னு வாய்விட்டே சொல்லிட்டு, திறக்காம பூட்டிட்டேன்.

உள்ள ஆள் இருந்தார்.

நெஞ்சு வலியில வாந்தி எடுத்து, தாழ்ப்பாள் போடக்கூடத் தெம்பில்லாம விழுந்து கிடந்தவர். முப்பத்தஞ்சு வயசுதான். எல்லாரும் இறங்கிப் போனப்புறம் கிளீனிங் பண்ற அம்மா கதவைத் திறந்துட்டுப் போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அவர் கை விரல் நாலும் பட்டனுக்குக் கீழ சுவத்துல இழுத்துக்கிட்டே வந்த தடம் இருந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடி பாத்திருந்தா பொழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார்.

விசாரணையில கேட்டாங்க, இடது பக்கம் யார் பொறுப்புன்னு. பூனைன்னேன். "நீங்க பாத்துக்கறதா சொன்னீங்கன்னு அவங்க சொல்றாங்களே?" "எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்ல"ன்னேன்.

அவ்வளவுதான். பூனையை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவ விடாம மேல எழுதிப் போட்டிருந்தா. அடுத்த திங்கக்கிழமை கடைசி விசாரணை. நான் இன்னொரு தடவை 'ஞாபகமில்ல'ன்னு கையெழுத்துப் போட்டா அவளுக்கு இந்த வேலை ஜென்மத்துக்கும் கிடையாது. உண்மையைச் சொன்னா எனக்குக் கிடையாது. எனக்கு அடுத்த மாசம் சீனியர் பேட்ஜ் குத்தறதா இருந்தாங்க. என்னை நினைச்சா எனக்கே குமட்டும். ஆனா கையெழுத்துப் போடறதாத்தான் இருந்தேன்.

சரி, அன்னிக்கு நடந்ததுக்கு வர்றேன்.

இருபத்தொம்பதாவது வரிசையில கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர், கூட அவர் பொண்ணு. உக்காரறதுக்குள்ள மூணு தடவை கேட்டுட்டார், டாய்லெட் எங்கம்மா இருக்குன்னு. பொண்ணு கூச்சத்தோட என் காதுகிட்ட வந்தா.

"அப்பாவுக்கு சர்க்கரை மேடம், அடிக்கடி போவார். இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடறார். மாட்டிக்குவோமோன்னு பயந்து தாழ்ப்பாளே போட மாட்டார். கொஞ்சம் பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன்"னேன். சொன்னதும் நாக்கு கசந்துச்சு.

ஒரு மணிக்குச் சாப்பாட்டைச் சூடு பண்ண வச்சோம். கேபின்ல பாதிப் பேர் ஜன்னல் மூடியை இறக்கிட்டுப் படம் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணு பத்து இருக்கும்.

'டப்'புனு ஒரு சத்தம்.

விளக்கு போச்சு. அடுப்பு போச்சு. எல்லாத் திரையும் கறுத்துது. தலைக்கு மேல எப்பவும் உஸ்ஸுன்னு ஊதிக்கிட்டே இருக்கற காத்து நின்னப்பதான், அது அத்தனை நாளா ஊதிக்கிட்டிருந்ததே தெரிஞ்சுது. பட்டப்பகல்ல கேபின் கும்மிருட்டு. நடைவழித் தரையில அவசர விளக்குக் கோடு மட்டும் மங்கலா ஓடுச்சு.

"ஜன்னலைத் திறங்க! எஞ்சின் சத்தம் கேக்குதில்ல? ஒண்ணும் ஆகல, உக்காருங்க!" கத்திக்கிட்டே டார்ச்சை உருவினேன்.

இண்டர்காம் பேட்டரியில ஓடறது. கேப்டன் குரல் தூக்கத்துல எழுப்பின மாதிரி மெதுவா வந்துச்சு. "மின்சாரம் பெரும்பகுதி போயிடுச்சு. பறக்கறதுக்குப் பிரச்சினையில்ல. பக்கத்து ஏர்போர்ட்டுல இறங்கறோம், நாப்பது நிமிஷம். எங்கயாவது எரியற வாசனை வருதான்னு மூலை முடுக்கெல்லாம் மோந்து பாருங்க. வந்தா அந்த நிமிஷமே சொல்லுங்க."

மோந்து பாக்கணுமாம். நல்ல ஆளைப் பிடிச்சார்.

மோந்தேன். சாமான் பெட்டி ஒவ்வொண்ணையும் புறங்கையால தொட்டுச் சூடு இருக்கான்னு பாத்து, மூக்கை ஒட்டி வச்சு மோந்தேன். சீட்டுக்கு அடியில மண்டி போட்டு மோந்தேன். சாக்ஸ், எண்ணெய்த் தலை, எவனோ ஒளிச்சு வச்ச அழுகின வாழைப்பழத் தோல், பாதி சூடாகி அப்படியே நின்னுபோன கோழி மேல உறைஞ்ச கொழுப்பு. எரியற வாசனை மட்டும் இல்ல.

காத்து இல்லாம பத்து நிமிஷத்துல கேபின் வெந்துச்சு. முதல்ல ஒரு சின்னப் பொண்ணு வாந்தி எடுத்தா. அதைப் பாத்து பக்கத்துல இருந்தவர். அதை மோந்து அதுக்குப் பின்வரிசை. வாந்தி தொத்துவியாதி மாதிரி, ஒருத்தரை விடாது. கவரைக் கட்டிக் கட்டி என் கை ரெண்டும் வழவழன்னு ஆச்சு. துடைக்கக்கூட நேரமில்ல.

டாய்லெட்டுல தண்ணி இழுக்காது, அதுக்கும் கரண்ட் வேணும். தெரிஞ்சும் வரிசையில நின்னு போய்க்கிட்டே இருந்தாங்க. முன்னாடி இருந்து சீனியர் அக்கா இண்டர்காம்ல சொன்னாங்க, "இருபது நிமிஷம் இருக்கு. டாய்லெட் ரெண்டையும் பூட்டிடு."

சென்ட்டு உக்காராதவங்களை உக்கார வைக்கப் போனான். வலது பக்கக் கதவை நான் திறந்தேன். அதைப் பத்தி எழுதினா நீங்க ராத்திரி சாப்பிட மாட்டீங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு "காலி"ன்னு சொல்லிப் பூட்டினேன்.

இடது பக்கம் திரும்பினேன்.

பச்சை.

இடுக்கு வழியா அந்தப் புளிச்ச நாத்தம். மூணு மாசம் முன்னாடி வந்த அதே நாத்தம். இத்தனை நாத்தத்துக்கு நடுவுலயும் அது தனியா, என்னைத் தேடிக்கிட்டு வந்த மாதிரி வந்துச்சு. கையை நீட்டினேன். கை போகல. வழவழன்னு நாலு விரல் என் கண்ணு முன்னாடி வந்து நின்னுது.

"ச்சீ, இதை எவ தொடுவா"ன்னு வாய் தானா சொல்லுச்சு. "கிளீனிங் ஆளுங்க பாத்துக்கட்டும்."

தகட்டைத் தூக்கினேன். தள்ளினேன். 'டக்'குனு விழுந்துச்சு.

கிச்சன் மூலைக்கு வந்து கையைத் துடைக்க டிஷ்யூவை எடுத்தேன்.

டிங்.

டிஷ்யூ கையிலயே நின்னுது. பலகையைப் பாத்தேன். ஒரு விளக்கும் இல்ல, கறுப்பா செத்துக் கிடந்துச்சு. மணி அடிக்க வழியே இல்ல.

டிங்.

பழக்க தோஷம், விரல் பலகைக்குப் போயிடுச்சு. அழுத்தினேன். ஒண்ணும் ஆகல. அணைக்க அங்க எரியறது ஒண்ணுமில்ல.

டிங்.

"சென்ட்டு, மணி அடிக்குதா?" அப்போதான் திரும்பி வந்தவன்கிட்டக் கேட்டேன்.

"எந்த மணிக்கா? கரண்டே இல்லியே." டார்ச்சை என் மூஞ்சில அடிச்சான். "என்னக்கா வெளிறிப் போயிட்டீங்க? உக்காருங்க."

டிங். டிங். டிங்.

இப்போ நிறுத்தாம அடிச்சுது. அவசரமா இல்ல. ஒரே சீரா, யாரோ நிதானமா எண்ணிக்கிட்டு அழுத்தற மாதிரி. அணைச்சா அணைச்சுக்கோ, நான் விட மாட்டேங்கற மாதிரி.

அப்போ அந்தப் பொண்ணு வந்து நின்னா, இருபத்தொம்பதாவது வரிசை.

"மேடம், எங்கப்பாவைப் பாத்தீங்களா?"



"சீட்டுல இல்லியா?"

"கொஞ்சம் முன்னாடி, வரிசையில கடைசி ஆளா டாய்லெட்டுக்குப் போனார். கூட்டத்துல என்னால வர முடியல. வேற எங்கயாவது உக்காந்திருப்பார்னு நினைச்சேன்."

"எந்தப் பக்கம் போனார்?"

அவ கையை நீட்டினா. இடது பக்கம்.

டிங்.

தாழ்ப்பாள் போட மாட்டார்னு இவ சொன்னாளே. கேட்டு, பாத்துக்கறேன்னு சொன்னேனே பாவி. ஓடினேன். ரெண்டே எட்டு. கதவுக்கு முன்னாடி கால் நின்னுடுச்சு. உள்ள பெரியவர் மட்டும் இருந்தா எனக்குப் பயமில்ல. பட்டனை அழுத்தறது யாரு? கரண்ட் இல்லாத பட்டனை அழுத்தி என் காதுல மட்டும் மணி அடிக்கிறது யாரு?

"மேடம், திறங்க மேடம்!" அந்தப் பொண்ணு என் தோளைப் பிடிச்சு உலுக்கினா.

திறந்தேன்.

நாத்தம் ஒரு ஆள் மாதிரி என்மேல வந்து மோதுச்சு. டார்ச்சை அடிச்சேன். பெரியவர் தரையில உக்காந்திருந்தார். கண்ணு மூடியிருக்கு. உதடு நீலம். தொப்பியைக் கழட்டி மடியில ஒழுங்கா வச்சிருக்கு. சட்டைக் கழுத்துப் பட்டன் ரெண்டும் கழட்டியிருக்கு.

தலை ஒருபக்கமா சாஞ்சிருந்துச்சு.

சுவத்துல சாயல.

சுவத்துக்கும் தலைக்கும் நடுவுல ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில எதுவும் இல்ல. ஆனா தலை விழாம நின்னுது, பக்கத்துல உக்காந்தவன் தோள்ல சாஞ்சு தூங்கற மாதிரி.

மணி நின்னுடுச்சு.

"சென்ட்டு! ஆக்ஸிஜன்!" அலறினேன். அக்குள்ல கையைக் குடுத்து இழுத்தேன். ஒரு நொடி வரல, எதிர்ப்பக்கம் யாரோ பிடிச்சிருந்த மாதிரி கனம். அப்புறம் விட்டுட்டாங்க. மொத்தமா என்மேல வந்து விழுந்தார். மூச்சு இருந்துச்சு, இழுத்து இழுத்து.

நடைவழியில படுக்க வச்சு மூஞ்சில முகமூடியைப் பொருத்தினோம். பொண்ணு பையைக் கொட்டி மாத்திரையைத் தேடி எடுத்து நாக்குக்கு அடியில வச்சா. இறங்கற வரைக்கும் அவர் தலையை என் மடியில வச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காந்திருந்தேன். சட்டைக் கையைத் தள்ளி நாடி பாக்கப் போனப்பதான் கவனிச்சேன். முழங்கைக்கு மேல நாலு விரல் தடம். ஈரமா, வழவழன்னு, புளிச்ச நாத்தத்தோட. அவர் வாயில மோந்தேன். வாயும் சட்டையும் சுத்தம். அவர் வாந்தியே எடுக்கல.

சக்கரம் தரையைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கண்ணைத் திறந்தார். முகமூடியை விலக்கினார். நான் குனிஞ்சு காதைக் குடுத்தேன்.

"அந்தத் தம்பி எங்கம்மா?"

"எந்தத் தம்பிங்க?"

"உள்ள இருந்தாரே. பாவம், ஒரே வாந்தி நாத்தம் அவர்மேல. ஆனா என்னை விழ விடல. 'இப்ப வந்துடுவாங்க, இப்ப வந்துடுவாங்க'ன்னு சொல்லிக்கிட்டே பட்டனை அழுத்திக்கிட்டிருந்தார்."

அவர் என் முகத்தையே பாத்தார்.

"வெளியிலருந்து நீங்க ஏதோ சொன்னீங்கல்ல, கிளீனிங் ஆளுங்கன்னு? அதைக் கேட்டதும் நிமிந்து உக்காந்துட்டார்மா. 'இந்தக் குரல்தான்'னார். 'நான் தப்பான இடத்துக்குப் போயிட்டிருந்தேன். இந்தக் குரல்தான்'னார்."

பெரியவர் பொழைச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரி வாசல்ல அவர் பொண்ணு என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அந்தக் கையை உருவிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சீனியர் அக்கா எல்லார் முன்னாடியும் முதுகுல தட்டினாங்க. "இருட்டுல, அத்தனை அமளியில, ஆள் உள்ள இருக்கறதை மோந்தே கண்டுபிடிச்சிருக்கா பாரு!" நான் சிரிச்சேன். இதுக்கும் சிரிச்சேன். என்ன ஜென்மமோ.

வீட்டுக்கு வந்து மூணு தடவை குளிச்சேன். யூனிஃபார்மைக் கட்டிக் குப்பையில போட்டேன். தலையைத் துவட்டிக்கிட்டு ஹாலுக்கு வந்து உக்காந்தேன்.

பாத்ரூமுக்குள்ளருந்து 'டிங்'.

புதன்கிழமை ஏழு தடவை. வியாழன் எத்தனைன்னு எண்ணல. தலையணையைக் காதுல அமுக்கிக்கிட்டேன், டிவியைச் சத்தமா வச்சேன், பாத்ரூம் கதவை வெளியிலருந்து பூட்டிட்டுப் பக்கத்து வீட்டுல போய்க் குளிச்சேன். ஒரு தடவைகூடப் போய்த் திறந்து பாக்கல. பூட்டினப்புறம் இன்னும் சீக்கிரம் சீக்கிரமா அடிச்சுது.

வெள்ளிக்கிழமை உக்காந்து ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது பூரா, விசாரணையில நான் சொன்ன பொய்யும் சேர்த்து. பெரிய மனசு வந்து எழுதினேன்னு நினைச்சுடாதீங்க. மணி நிக்கணும், அதுக்குத்தான். சனிக்கிழமை காலையில அதை எடுத்துக்கிட்டுப் பூனை வீட்டுக்குப் போனேன். அவகிட்டக் காட்டிட்டுக் குடுத்தா இன்னும் நல்லா நிக்கும்னு ஒரு கணக்கு.

பூனைதான் கதவைத் திறந்தா. எலும்பும் தோலுமா இருந்தா, கண்ணுக்குக் கீழ கருவளையம். ஆனா நல்லாத் தூங்கி எழுந்த முகம். என்னைப் பாத்ததும் முகம் இறுகிடுச்சு, இருந்தாலும் வழி விட்டா. உள்ள போனதும் ஒண்ணு கண்ணுல பட்டுது. அந்த வீட்டுல ஒரு ரூமுக்கும் கதவு இல்ல. நிலையில கீல் மட்டும் நீட்டிக்கிட்டிருந்துச்சு. பாத்ரூமுக்கு ஒரு பூப்போட்ட திரை.

கடிதத்தை நீட்டினேன். நின்னுக்கிட்டே படிச்சா. முடிச்சதும் மடிச்சா. திரும்பப் பிரிச்சுப் படிச்சா.

"ஞாபகம் வந்துடுச்சா?"

"இருந்துச்சு. எப்பவும் இருந்துச்சு."

"தூ"ன்னா. அவ வாயிலருந்து அப்படி ஒண்ணு வந்து நான் கேட்டதேயில்ல. "நான் உங்களைச் சொந்த அக்காவா நினைச்சேன். என்னைப் பைத்தியம்னு எங்கண்ணன் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான், தெரியுமா? மூணு மாசம். தினம் தினம் மணி அடிக்கும். பாத்ரூம்லருந்து, ரூமுக்குள்ளருந்து, எந்தக் கதவு மூடியிருந்தாலும் அதுக்குப் பின்னாடிருந்து."



"அதான் கதவையெல்லாம் கழட்டினியா?"

"அப்பவும் அடிச்சுது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பாப்பேன். நான் பாக்கத் தவறினதாலதான் ஒருத்தர் செத்தார்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்க்கா. நீங்க அவ்வளவு தெளிவா ஞாபகமில்லன்னீங்க, எனக்குத்தான் குழப்பமோன்னு. அதனால ஒரு மணியைக்கூட விட்டதில்ல. சோத்துல கை வச்சிருந்தாலும் எழுந்து போவேன்." மூச்சு வாங்கினா. "போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நின்னுது."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணரை இருக்கும். டக்குனு நின்னுது. அன்னிக்குத்தான் தூங்கினேன்."

அவளுக்குப் புரிய அரை நிமிஷம் ஆச்சு. என் காதையும் கண்ணையும் மாறி மாறிப் பாத்தா. கடிதத்தை இடுப்புல செருகிக்கிட்டா.

"இதை நானே கொண்டு போய்க் குடுக்கறேன். உங்களை நம்ப முடியாது."

"குடு"ன்னேன். "குடுத்துட்டா நின்னுடும்ல?"



டிங்.

பூப்போட்ட திரைக்குப் பின்னாடிருந்து. பூனை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. என் முகத்தை மட்டும் பாத்துக்கிட்டிருந்தா.

"அடிக்குதா?"

தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துடுச்சு.

"போங்க"ன்னா. கோபமில்லாத குரல், அசதியான குரல். "போய்ப் பாத்துட்டு வாங்க. காலியாத்தான் இருக்கும். ஆனா பாக்கணும்."

எழுந்து போனேன். அந்த மணிக்கு நானா எழுந்து போனது அதான் முதல் தடவை. திரையைத் தள்ளினேன். சுத்தமான பாத்ரூம். காஞ்ச தரை, ஒரு வாளி, சோப்பு வாசனை. உள்ள கால் வச்சு நாலு மூலையும் பாத்தேன்.

"காலி"ன்னேன், வாய்விட்டு.

பின்னாடி திரை தானா விழுந்து மூடுச்சு. சோப்பு வாசனைக்கு அடியிலருந்து அந்தப் புளிச்ச நாத்தம் மெதுவா எழும்புச்சு. நெஞ்சை யாரோ முட்டி வச்சு அமுக்கின மாதிரி ஒரு வலி. கூப்பிட வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்துச்சு. கால் மடங்கித் தரையில உக்காந்துட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்னாங்க. துணியில நிழல் தெரிஞ்சுது. பூனைன்னு நினைச்சேன். பேசினதும் தெரிஞ்சுது.

என் குரல். என்னோட குரலேதான்.

"ச்சீ, இதை எவ தொடுவா. கிளீனிங் ஆளுங்க பாத்துக்கட்டும்."

அப்புறம் தாழ்ப்பாள் 'டக்'குனு விழுந்துச்சு, கதவே இல்லாத நிலையில.

என் கை தானா மேல போய், வழவழன்னு, சுவத்துல பட்டனைத் தேட ஆரம்பிச்சுது.